பச்சை நூல் மீன்களுக்குப் போட்ட புண்ணாக்கு

இருபத்தாறு வருடம் மின் நிலையத்தில் மீனோடு மல்லுக்கட்டியவன் நான். என் கை பட்டு ஒரு மீன்கூடச் செத்ததில்லை.

பொய். பதினேழு செத்தது. ஒரே தொட்டியில், ஒன்றரை நாளுக்குள். அத்தனையும் நான் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்ட மீன்கள். அப்படிப் பார்த்துக்கொண்டதால்தான் செத்தன.

எங்கள் மின் நிலையத்தில் இப்போது வேலை பார்க்கிறவர்கள் பணியாளர் மலர் ஒன்று போடுகிறார்கள். "ஒப்பந்தத்துல செவப்பு நூல் மீனும் பச்ச நூல் மீனும் ஒரே தொட்டியிலதான் இருக்கணும்னு ஒரு விதி கெடக்கே, அது உங்களாலதான் வந்துச்சாமே? எழுதிக் குடுங்க சோணையண்ணே" என்று கேட்டார்கள். எழுதச் சொன்ன ஆளைப் பாருங்கள். நான் மூன்றாம் வகுப்பு வரை போனவன், அதிலும் மூன்றாம் வகுப்புக்கு வாசல் வரைதான். ஆகவே சொல்வது நான், கணினியில் அடிப்பது என் மருமகள். நான் பேசுவதை அவள் படித்தவர்கள் எழுதுகிற மாதிரி மாற்றிக்கொள்வாள். நன்றாக இருந்தால் பெருமை எனக்கு. பிழை இருந்தால் பொறுப்பு அவளுக்கு.

தெரியாதவர்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மதுரைக்கு மேற்கே ஆற்றை மறித்துக் கட்டிய அணை அது. அணையில் நிற்கிற தண்ணீர் பெரிய குழாய் வழியாகக் கீழே இறங்கி டர்பைனைச் சுற்றும். மின்சாரம் வரும். தண்ணீரோடு மீனும் இறங்கும். மீன் டர்பைனுக்குள் நுழைந்து வெளியே வருவது, ஓடுகிற பஸ்ஸில் முன்வாசலில் ஏறிப் பின்வாசலில் குதிப்பது மாதிரி. சிலது அடிபட்டு அங்கேயே விழும். சிலது எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு நடக்கும். அப்படி நடந்து போவதைப் பார்த்து நாம் ஏமாந்துவிடக் கூடாது என்பதுதான் என் தொழில்.

இந்தத் தொழிலுக்கு நான் வந்த விதம் ரொம்பக் கௌரவமானது. திருடும்போது பிடிபட்டேன்.

டர்பைன் தண்ணீர் வந்து விழுகிற இடத்தை நாங்கள் கீழ்க்குட்டை என்போம். உள்ளே போகக் கூடாது என்று பலகை இருக்கும். எனக்குத்தான் படிக்கத் தெரியாதே, அதனால் போவேன். டர்பைனில் சுற்றி வந்த மீன் மயக்கத்தில் பக்கவாட்டில் நீந்தும், வலை வீச வேண்டியதுகூட இல்லை, அள்ளினால் போதும். அள்ளித் தண்ணீர் நிறைத்த அண்டாவில் போட்டு, சைக்கிளில் வைத்துத் திருப்பரங்குன்றம் வரை மிதித்து, உயிர் மீன் என்று கூவி விற்பேன். அங்கே ஒரு டீச்சரம்மா வாடிக்கை. ஒருநாள் என் சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள்.

"ஏப்பா, உசுரு மீனுன்னு சொல்லித்தானே குடுத்த? காலையில கழுவலாம்னு வாளியில விட்டு வச்சேன். விடிஞ்சு பாத்தா வாயப் பொளந்துக்கிட்டு மெதக்குது."

"மீனுக்கு உங்க வீடு புதுசுல்லம்மா. பயந்துருக்கும்."

"போன வாரமும் இதேதான். அதுக்கு முந்தின வாரம் குடுத்தது மட்டும் மூணு நாளு நல்லா நீந்துச்சு."

முந்தின வாரம் கொடுத்தது கண்மாய் மீன். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கண்மாய் மீன் வாளியில் இருக்கும். டர்பைன் மீன் இன்று நீந்தும், நாளை மிதக்கும். அன்று முதல் தொழிலில் நேர்மையாகிவிட்டேன். கண்மாய் மீனை உயிர் மீன் என்றும், அணை மீனை "சாயங்காலத்துக்குள்ள கொழம்பு வச்சிருங்க" என்றும் சொல்லி விற்றேன்.

அப்புறம்தான் ரெஜினா மேடத்திடம் மாட்டினேன். அப்போது அவர் மின் நிலையத்துக்கு உதவிப் பொறியாளராகப் புதிதாக வந்திருந்தார். முழங்கால் தண்ணீரில் அண்டாவோடு நான், கரையில் குடையோடு அவர். போலீஸைக் கூப்பிடப்போகிறார் என்று நினைத்தேன். அவர் நோட்டைத் திறந்தார்.

"ஒரு நாளைக்கு எத்தனை மீன் கிடைக்கும்? எந்த நேரத்துல அதிகமா வரும்? எங்க நின்னு பிடிக்கிறீங்க?"

திருடனிடம் இவ்வளவு மரியாதையாக யாரும் கேட்டதில்லை. எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அடுத்த வாரமே அதே குட்டையில் தினக்கூலியாக என்னை வேலைக்கு வைத்துக்கொண்டார். செத்த மீனை எண்ணுகிற வேலை. முதல் இரண்டு வருடத்தில் மூன்று பாடம் படித்தேன். உலர்ந்த கையால் மீனைத் தொடக் கூடாது, தொட்டால் வழவழப்புப் போய்ச் சொறி வரும். முதுகுத் துடுப்புக்கு அடியில் தோலை மட்டும் குத்தி அடையாள நூல் கட்ட வேண்டும், சதையில் குத்தக் கூடாது. மூன்றாவது பாடம் நூற்றுக்கு மேலே எண்ணுவது. மூன்றில் அதுதான் கஷ்டமாக இருந்தது.

ரெஜினா மேடத்துக்குத் திருநகரில் வீடு. அவர் அம்மாவும் டீச்சர்தான், மிஷன் பள்ளியில்; என் மீன் வாடிக்கை டீச்சரம்மா வேறு ஆள். அந்தப் பழக்கம் மகளுக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. எந்தக் காகிதம் வந்தாலும் மனதுக்குள் படிக்க மாட்டார், சத்தமாக வாசிப்பார். ஒரு வரி முடிந்ததும் சிவப்புப் பென்சிலால் மேசையை ஒரு தட்டு. "யாரு? எப்போ? எங்கே?" மூன்றில் ஒன்றுக்கு அந்த வரியில் பதில் இல்லையென்றால் கீழே கோடு விழும். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பென்சிலைச் சீவுவார். மேசைக்கு அடியில் பென்சில் சீவல் எம்புட்டுக் கிடக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நாங்கள் லீவு கேட்கப் போவோம்.

நான் சேர்ந்து பத்து வருடம் ஆன சமயம். ஆற்றின் கீழே மீன் பிடிக்கிறவர்கள் மனு மேல் மனுவாகப் போட்டதில், டர்பைன் வாய்க்கு முன்னால் புதுக் கம்பித் தடுப்பு வைக்க உத்தரவு வந்தது. கம்பிகளை நெருக்கமாக வைத்தால் மீன் உள்ளே போகாமல் தடுப்பை ஒட்டியே நகர்ந்து, பக்கத்திலிருக்கிற குழாய் வழியாகப் பத்திரமாகக் கீழே இறங்கிவிடும். வேலை ஒரு கம்பெனிக்குப் போனது. சாமான் வைத்தோம், போனோம் என்று இருக்க முடியாது. மீனை விட்டுச் சோதித்துக் காட்ட வேண்டும். நூறு மீன் விட்டால் தொண்ணூறு பிழைக்க வேண்டும். பிழைத்தால்தான் வேலை முடிந்ததாகக் கையெழுத்து.

அந்த ஒப்பந்தத்தைப் பேசி முடிக்கத் மதுரைத் தல்லாகுளத்திலிருக்கிற எங்கள் மேலாபீஸில் கூட்டம் போட்டார்கள். ஐஸ் பெட்டியில் மாதிரிக்கு நாலு செத்த மீனைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். வாசலை ஒட்டி ஒரு ஸ்டூல் கிடைத்தது. நாற்றத்துக்கு அதுதான் சரியான இடம். கம்பெனி சார்பில் வந்தவர் செல்வக்குமார், சின்ன வயது இன்ஜினியர், பசுமலைக்காரர். நல்ல பிள்ளைதான், ஆனால் சம்பளம் கொடுக்கிறவனுக்காகப் பேசுகிற பிள்ளை.

மேடம் வாசித்தார். "டர்பைனைக் கடந்து வெளியே வரும் மீன் உயிருடன் இருக்க வேண்டும்." மேசையில் ஒரு தட்டு. "யாரு, மீன். எங்கே, கீழ்க்குட்டை. எப்போ, வெளியே வரும்போது. சரியா இருக்கு."

என் வாய் சும்மா இருக்குமா? "வெளிய வரையில எல்லாம் உசுரோடதான் மேடம் இருக்கும். மறுநா வந்து பாருங்க."

பத்துத் தலை வாசல் பக்கம் திரும்பியது. செல்வக்குமார் சிரித்தார். "அண்ணே, நாளைக்குச் செத்தா அதுக்கும் நாங்களா பொறுப்பு? நாளைக்கு நானே இருப்பேனான்னு தெரியாது."

"நீங்க இருப்பீங்க தம்பி. நீங்கதான் டர்பைனுக்குள்ள போகலையே."

மேடம் சிரிக்கவில்லை. "எப்படித் தெரியும், சோணை?" என்றார்.

டீச்சரம்மா கதையைச் சொன்னேன். திருடி விற்ற கதையைப் பெரிய அதிகாரிகள் கூடியிருந்த அறையில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். சொல்லி முடித்தபோது மேடம் அந்த வரியை அடித்துவிட்டு, 'இரண்டு நாள் தொட்டியில் வைத்திருந்த பிறகு' என்று சேர்த்திருந்தார்.

செல்வக்குமாரும் லேசுப்பட்டவர் இல்லை. "சரி மேடம், ரெண்டு நாளு வைங்க. ஆனா வலையில பிடிச்சதுல, நூல் கட்டுனதுல, வாளி மாத்துனதுல சாகுற மீனை எங்க தலையில கட்டாதீங்க" என்றார். நியாயம்தானே. அதனால் இன்னொரு நூறு மீன் சேர்ந்தது. அதே வலை, அதே ஊசி, அதே வாளி. டர்பைன் பக்கம் மட்டும் போகாது, நேராகக் கீழ்க்குட்டையில் விட்டுத் திரும்பப் பிடிப்போம். டர்பைன் வழியாக வருவதற்குச் சிவப்பு நூல், இதற்குப் பச்சை நூல். ஆபீஸில் அதற்கு வாயில் நுழையாத பேர் வைத்தார்கள். நான் 'சும்மா மீன்' என்பேன். விதி இதுதான்: கையாண்டதால் பச்சையில் எத்தனை செத்ததோ, அத்தனையைச் சிவப்புச் சாவிலிருந்து கழித்துக்கொள்ளலாம்.

தடுப்பு வைத்து முடித்தார்கள். சோதனை நாள் வந்தது. உள்ளங்கை நீள ரோகு இருநூறு. முந்தின நாளே பட்டினி போட்டாகிவிட்டது. வயிறு நிறைந்த மீனைக் கையாண்டால் தாங்காது என்பதற்காக ஒப்பந்தத்திலேயே அப்படி எழுதியிருந்தது. காலை வெயில் ஏறுமுன் நனைந்த கையோடு உட்கார்ந்தேன். இடது கையில் மீனின் தலையை ஈரச் சாக்கால் மூடிப் பிடித்தால் அது அடங்கிவிடும். வலது கையில் ஊசி, ஒரு குத்து, ஒரு முடிச்சு, வாளி. ஒரு மீனுக்கு மூச்சை நான்கு தரம் விடுகிற நேரம்தான். அதற்கு மேல் ஆனால் அந்த மீன் ஒதுக்கப்படும். அப்படி நான் ஒதுக்கியது ஐந்து, உபரியாக வந்த மீனில் ஐந்தைக் கட்டி இருநூறை நிறைத்தேன். சிவப்பை அணை மேலிருந்து ரப்பர் குழாய் வழியாகத் தடுப்புக்கு முன்னால் விட்டோம், கீழே நான் வலையோடு நின்று அள்ளினேன். மதியத்துக்குள் இரண்டு சிமெண்டுத் தொட்டியும் நிறைந்தன. வேப்ப மரத்தடியில் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. செல்வக்குமார் என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சர்ஜன் மாதிரி இருக்கீங்கண்ணே" என்றார். சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். ஆளைக் கெடுத்தது அதுதான்.

அன்று சாயங்காலம் தொட்டிக் காவலுக்கு நான் மட்டும். பச்சைத் தொட்டியை எட்டிப் பார்த்தேன். நூறும் வாயைத் திறந்து மூடின. முந்தா நாள் தின்றது. எனக்குள் ஒரு நியாயம் ஓடியது. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் பண்ணின ஆளுக்குத்தான் பட்டினி. துணைக்கு வந்தவன் எதற்குப் பட்டினி கிடக்கணும்? சிவப்பு டர்பைனில் அடிபட்டு வந்திருக்கிறது, அது கிடக்கட்டும். பச்சை என்ன பாவம் செய்தது?

தவிடும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்து இரண்டு உருண்டை போட்டேன். மறுநாள் காலையில் இன்னும் இரண்டு. என்னைத் தாராளம் இல்லாதவன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது பாருங்கள்.

பட்டினி கிடந்த மீன் கண்டமாதிரி தின்றது. மிச்சம் அடியில் தங்கி, வெயிலில் புளித்தது. இரண்டாம் நாள் பிற்பகலில் பச்சைத் தொட்டியில் மீன்கள் மேலே வந்து காற்றைக் கடித்தன. நாலு மிதந்தன. அரைத் தொட்டித் தண்ணீரைக் கொட்டிப் புதுத் தண்ணீர் விட்டேன். அடியில் கிடந்ததைத் துணியால் வழித்து ஆற்றில் எறிந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு எல்லோர் முன்னாலும் எண்ணினோம். சிவப்பில் செத்தது இருபத்தொன்று. பச்சையில் செத்தது பதினேழு. செல்வக்குமார் காகிதத்தில் கழித்தார். நாலு. பத்து வரை சாகலாம் என்பது ஒப்பந்தம். தடுப்பு அமோகமாகத் தேறிவிட்டது.

மேடம் பச்சைத் தொட்டியின் மேல் குனிந்தார். "தண்ணி ஏன் இப்படி வாடை அடிக்குது?"

"வெயில் மேடம்" என்றேன்.

"புடிச்சதுலயும் கட்டுனதுலயும் செத்துருக்கு மேடம்" என்றார் செல்வக்குமார். என் பக்கம் திரும்பித் தணிவாக, "தப்பா நெனைக்காதீங்கண்ணே, ரிப்போர்ட்ல அப்படித்தான் வரும்" என்றார்.

மூன்று மணிக்குக் கையெழுத்து என்று மேடம் சொல்லிவிட்டுப் போனார்.

இதில் எனக்கு என்ன சிக்கல் என்றால், பத்து வருடத் தினக்கூலியான என்னை நிரந்தரமாக்கச் சொல்லும் கோப்பு அந்த வாரம் மேடத்தின் மேசையில் இருந்தது. அவர் ஒரு குறிப்பெழுதித் தல்லாகுளத்துக்கு அனுப்ப வேண்டும். சோதனையைக் கெடுத்தவன் என்று ஒரு வார்த்தை அதில் ஏறினால் கோப்பு கிணற்றில் போட்ட கல். சொல்லாமல் விட்டால் வேலை நிலைத்து நிற்கும். ஆனால் கம்பி இடைவெளி அதிகமான அந்தத் தடுப்பும் நிற்கும், என் ஆயுசுக்கும் நூற்றுக்கு இருபது மீனைக் கொன்றுகொண்டு. அது சரியில்லாத தடுப்பு என்று தெரிந்த ஒரே ஆள் நான்.

என் வீட்டுக்காரி பஞ்சவர்ணம் மதியச் சோறு கொண்டுவந்தாள். இரண்டு வாயோடு தூக்குச்சட்டியை மூடினேன். அவள் விடுவாளா?

"என்னா, வயிறு சரியில்லையா?"

சொன்னேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஆத்தாடி! வீட்டுல கெடக்குற கோழிக்கு ஒரு நா தீனி போட்டதில்ல. கவர்மெண்டு மீனுக்குப் போயி உருண்ட புடிச்சுப் போட்டீகளா?"

"சிரிக்காதடி. பெர்மனென்ட் போயிரும்."

சிரிப்பை நிறுத்தினாள். "சொல்லலைன்னா என்ன எழுதுவாக?"

"என் கை சரியில்லாம செத்துச்சுன்னு எழுதுவாக."

"அத ஊரே நம்பிருமா?"

"நம்பும்."

முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். "உங்களுக்குப் புத்தி சரியில்லன்னு ஊருக்குத் தெரியும். அதுல புதுசா ஒண்ணுமில்ல. கை சரியில்லன்னு சொன்னாத்தான் எனக்குத் தாங்காது. போயி சொல்லிட்டு வாங்க" என்று தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

மேடத்தின் அறைக்குள் போனேன். எண்ணிக்கை அறிக்கையைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். எதிரில் செல்வக்குமார் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"மேடம், பச்சத் தொட்டிக்குத் தீனி போட்டாச்சு."

பென்சில் நின்றது. "யாரு?"

"நான்தேன்."

"எப்போ?"

"மொத நா சாயங்காலம். மறுநா காலையில."

"எங்கே, எவ்வளவு?"

"பச்சையில மட்டும். தென்னங்கொட்டாங்கச்சி அளவுல நாலு உருண்ட."

"ஏன், சோணை?"

ஆஸ்பத்திரி நியாயத்தைச் சொன்னேன். மேடம் இழுப்பறையைத் திறந்து பென்சில் சீவியை எடுத்தார். சீவினார். சீவிக்கொண்டே இருந்தார். பென்சில் பாதியாகிவிட்டது. செல்வக்குமார்தான் வாயைத் திறந்தார்.

"மேடம், சோதனைக்கு முன்னாடிதான் தீனி போடக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல இருக்கு. அப்புறம் போடக் கூடாதுன்னு எங்க இருக்கு?"

மேடம் ஒப்பந்தத்தை எடுத்து முதலிலிருந்து வாசித்தார், ஒவ்வொரு வரியாக. இல்லை. "ஆமா, எழுதல. அது என் தப்பு" என்றார்.

நான் மாட்டிக்கொண்டதோடு தடுப்பும் தேறிவிடும் போலிருந்தது. இரண்டு பக்கமும் நட்டம். அப்போதுதான் என் மண்டையில் ஒன்று எட்டியது. "மேடம், கழிக்கிற விதிய மட்டும் இன்னொருக்கா வாசிங்க."

வாசித்தார். "கையாண்டதால் இறந்த மீன்களை மட்டும் கழிக்கலாம்."

"அப்ப எதுனால செத்துச்சுன்னு பாத்துருவோம். செத்தது பூராம் சாக்குல போட்டு வச்சிருக்கேன்."

எல்லோரும் தொட்டிக்குப் போனோம். ஈரச் சாக்கில் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. என் கத்தியை எடுத்தேன். முதலில் ஒரு பச்சை. வயிற்றைக் கீறினேன். குடல் முழுக்கத் தவிட்டுக் கூழ். மீனுக்குள் ஒரு காற்றுப்பை உண்டு, நிலக்கடலை ஓடு மாதிரி இரண்டு அறை. அது அப்படியே முழுசாக இருந்தது. நூல் குத்திய இடத்தில் தோலைத் தவிர ஒரு சதை கிழியவில்லை, புண் இல்லை. அடுத்தது ஒரு சிவப்பு. குடல் காலி. காற்றுப்பை கிழிந்து, வயிற்றுக்குள் ரத்தம் உறைந்து கிடந்தது. மேலே பார்த்தால் ஒரு கீறல்கூட இல்லாத மீன்.

"இன்னொண்ணு" என்றார் செல்வக்குமார். அறுத்தேன். "இன்னொண்ணு." முப்பத்தெட்டையும் அறுத்தேன். பதினேழு பச்சையிலும் தவிடு. இருபத்தொரு சிவப்பில் பத்தொன்பதில் கிழிந்த பை. கடைசிச் சிவப்பை அவரே கையில் வாங்கி, அந்தக் கிழிந்த பையை விரலால் விரித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எங்க கம்பி எடைவெளி சாஸ்திதான் மேடம்" என்றார். "சோதனை செல்லாதுன்னு எழுதுங்க. மாத்தி வச்சுட்டு வாரோம்."

சம்பளம் கொடுக்கிறவனுக்காகப் பேசுகிற பிள்ளை என்று சொன்னேனே, அந்த வார்த்தையை அன்று சாயங்காலமே எச்சில் தொட்டு அழித்துவிட்டேன்.

அப்புறம் என் கோப்பு. மறுநாள் மேடம் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் எழுதிய குறிப்பை எனக்கே வாசித்துக் காட்டினார். "சோதனையின்போது தவறு செய்தார். யாரும் கண்டுபிடிப்பதற்கு முன் அதைத் தானே சொன்னார். இந்த வேலைக்கு இவரை விட நல்ல கை நம்மிடம் இல்லை."

"மேடம், அந்த மொத வரிய மட்டும் எடுத்துட்டா நல்லாருக்கும்."

"அதை எடுத்துட்டா ரெண்டாவது வரிக்கு என்ன வேலை?"

முதல் வரியைப் பிடித்துக்கொண்டு தல்லாகுளத்தில் ஒரு வருடத்துக்கு மேல் விளக்கம் கேட்டார்கள். மூன்று தரம் திருப்பி அனுப்பினார்கள். மூன்று தரமும் மேடம் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் அதே குறிப்பை அனுப்பினார். நாலாவது தரம் உத்தரவு வந்தது. பஞ்சவர்ணம் அன்று வீட்டில் மீன் குழம்பு வைத்தாள். கண்மாய் மீன்.

இதற்கிடையில் ஒப்பந்தத்தைத் திருத்த உட்கார்ந்தார்கள். இந்த முறை ஸ்டூல் இல்லை, மேசையிலேயே எனக்கு ஒரு நாற்காலி. எண்ணி முடிக்கும்வரை எந்தத் தொட்டிக்கும் தீனி கிடையாது என்று முதலில் எழுதினார் மேடம். நான், "அது பத்தாது மேடம். என்னைய மாதிரி இன்னொரு கிறுக்கன் வருவான். ரெண்டையும் ஒரே தொட்டியில போட்டுருங்க. அப்பப் பச்சைக்கு மட்டும் எரக்கப்பட முடியாது" என்றேன். மேடம் என்னை நிமிர்ந்து பார்த்தார். மேசையைத் தட்டவில்லை, கேள்வி கேட்கவில்லை. அப்படியே எழுதிக்கொண்டார். அவர் கேள்வி கேட்காமல் எழுதிய ஒரே வரி என்னுடையது. இதை என் பேரப்பிள்ளைகளிடம் சொல்லும்போது இரண்டு வரி என்று சொல்வது வழக்கம்.

கடைசி விதியைக் கொண்டுவந்தவர் செல்வக்குமார். மீனைத் தொடுகிற ஆளை இரண்டு தரப்பும் பேர் சொல்லி ஒப்புக்கொள்ள வேண்டும், அந்த ஆள் வந்து சேரும்வரை யாரும் மீன் இருக்கிற தண்ணீரில் கை வைக்கக் கூடாது. "எங்க தரப்புல சோணையண்ணன் பேரப் போட்டுக்கங்க" என்றார். அவர் கம்பெனிப் பெரியவர் ஒருவர் பக்கத்திலிருந்து, "அவரு அவங்க ஆளுப்பா" என்று முணுமுணுத்தார். செல்வக்குமார், "தன் வேலை போகும்னு தெரிஞ்சே வந்து சொன்ன ஆளு சார். நம்ம மீனு பொழச்சா பொழச்சுச்சுன்னும் சொல்லுவாரு" என்றார். நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். ஐஸ் பெட்டி நாற்றம் என்று சொல்லிக்கொண்டே வெளியே போய் நின்றேன். அன்று ஐஸ் பெட்டியே கொண்டுபோகவில்லை.

கம்பியை நெருக்கி வைத்துவிட்டு இரண்டாவது சோதனை. ஒரே தொட்டி, இரண்டு நூலும் கலந்து. சிவப்பில் பன்னிரண்டு, பச்சையில் ஒன்று. மயிரிழையில் தவறியது. செல்வக்குமார் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய், மீன் இறங்குகிற பக்கக் குழாயின் வாயை அகலமாக்கிக்கொண்டு வந்தார். மூன்றாவது சோதனை. மேலிருந்து மீனை விட்டாயிற்று. அரை மணி நேரமாகியும் பக்கக் குழாயில் ஒரு ரோகுகூட வரவில்லை. "என்னண்ணே அடைச்சிருக்கு?" என்று செல்வக்குமார் குழாய்க்குள் தலையை விட்டார். உள்ளே என் முழங்கை நீளத்துக்கு ஒரு விரால் குடியிருந்திருக்கிறது. வருகிற ரோகுவையெல்லாம் வாசலிலேயே மறித்துக்கொண்டு, வரி வசூல் பண்ணுகிற மாதிரி. இவர் தலையைப் பார்த்ததும் அது வாலைச் சுருட்டி ஒரே தாவு...

இருங்கள், வாசலில் ஜீப் ஹாரன். மின் நிலையத்து டிரைவர் படியேறி வருகிறார்.

"சோணையண்ணே, சட்டையப் போடுங்க, வெரசா வாங்க. ரெண்டாவது மெஷினுக்கு இன்னைக்குச் சோதனை. மீன் லாரி வந்து எறக்கியாச்சு."

"நான்தான் ரிட்டயர் ஆயிட்டேனேய்யா. அங்கன இம்புட்டுப் பேரு இருக்கீங்கள்ல?"

"பதினஞ்சு பேரு இருக்கோம். தொட்டியச் சுத்திக் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறோம். புது ஒப்பந்தத்துலயும் உங்க பேரைத்தான் போட்டு ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டிருக்காகளாம். நீங்க வராம ஒருத்தரும் தண்ணியத் தொட மாட்டேங்குறாக. கம்பெனிக்காரவுகளே வாசக் கேட்டை மறிச்சுக்கிட்டு நிக்கிறாக."

மருமகளே, விரால் தாவி செல்வக்குமார் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி நிற்கிறது, அங்கேயே நிறுத்து. எனக்குக் கை நனைக்க நேரமாகிவிட்டது.